மூச்சுப் பிடிப்பு

வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறவர்களிடம் போய் கிரேன் எங்கே என்று கேட்டால், நீங்கள் இயந்திரத்தைக் கேட்கிறீர்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். "அண்ணன் மேல பீரோவோட நிக்கிறாரு, கொஞ்சம் இருங்க" என்பார்கள். மாடிப்படி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் சரி, திருப்பத்தில் எத்தனை பேர் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, அவர் வந்து பட்டையைத் தோளில் மாட்டி ஒரு தம் கட்டினால் பீரோ கிளம்பிவிடும். தம் கட்டுவது என்றால் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றுக்குள் பூட்டிவிடுவது. படி முடிகிற வரைக்கும் பூட்டைத் திறக்கக் கூடாது. அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதை வைத்தே ஒரு மகளைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணிக்கொடுத்து, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் மனைவியோடு நிம்மதியாகக் குடியிருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு தலையணை சாய்த்துவிட்டது.

தலையணை என்றால் தலைக்கு வைத்துப் படுக்கிற தலையணைதான். அன்றைக்கு ஒரு வீட்டைக் காலி செய்து, கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் ஏறி முடிந்து, லாரியின் கதவைச் சாத்தப் போகிற சமயம். மழை தூறிக்கொண்டிருந்தது. உச்சியில் செருகியிருந்த தலையணை ஒன்று நழுவியது. சேற்றில் விழுந்துவிடப் போகிறதே என்று கிரேன் நின்ற நிலையிலேயே இடுப்பைத் திருகிக் குனிந்து அதை எட்டிப் பிடித்தார். தலையணை நனையவில்லை. அவர்தான் அதைக் கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்தில் நின்று பார்த்தது கூட்டாளி ஒருவன் மட்டும்தான். கழுத்து நீளம் என்பதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

"ஃபிரிட்ஜுன்னு சொல்லிடுடா" என்றார் கிரேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்த ஃபிரிட்ஜுண்ணே?"

"டபுள் டோரு."

அதன்படியே அவரைச் சாய்த்தது டபுள் டோர் ஃபிரிட்ஜ் என்று எல்லோருக்கும் ஆயிற்று. ஒட்டகம் விசுவாசி. கேட்கிறவர்களிடம் அந்த ஃபிரிட்ஜுக்குள் சாமான்கூட இருந்ததாகச் சொல்லிவந்தான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். அடிமுதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் மாத்திரை, வலி மட்டுப்பட்டதும் கால் பயிற்சி, சும்மா படுத்தே கிடந்தால் கால் சூம்பிப்போகும் என்று சொல்லி, கீழே இருந்த பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கிரேன் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லைங்கய்யா என்று அவள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அரைக்கால் டவுசரோடு அவள் முன்னால் மல்லாந்து படுக்க வேண்டியிருந்ததே அவருக்குப் பாதி உயிர் போன மாதிரி இருந்தது. மனைவி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் துணி ஆலையில் தைத்து வருகிற சட்டைகளில் பிசிறு வெட்டுகிறவள். ஒரு நூல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

முதலில் பாதத்தை முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னாள் அந்தப் பெண். செய்தார். குதிகாலை மெத்தையில் உரசினபடியே இழுத்து முட்டியை மடக்கச் சொன்னாள். செய்தார். பிறகு, "ஒரு முட்டியை மடக்கியே வச்சுக்குங்க. அந்த முட்டி உயரத்துக்குத்தான் இன்னொரு கால் வரணும். முட்டியை மடக்காம, மெதுவா, ம்... தூக்குங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் வினையாகப் போயிற்று. தூக்கு என்று காதில் விழுந்துவிட்டால் அவருடைய உடம்பு அவரைக் கேட்டுக்கொண்டு நிற்காது. மூச்சை இழுத்துப் பூட்டினார். இரண்டு கையாலும் கட்டிலின் விளிம்பைப் பற்றினார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, முதுகு வில்லாக வளைந்து, கால் கூரையைப் பார்த்துக் கிளம்பியது.

"ஐயா, ஐயா, இறக்குங்க! அது உங்க காலுங்கய்யா. பீரோ இல்ல."

"பீரோவா இருந்தா இந்நேரம் ஏத்தியிருப்பேம்மா."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள்.

"மூச்சை அடைக்கவே கூடாதுய்யா. அடைச்சீங்கன்னா அந்த அழுத்தம் முழுக்க முதுகுலதான் போய் நிக்கும். தூக்கும்போது மூச்சை வெளிய விடுங்க. சுலபமான வழி சொல்றேன், வாய்விட்டு எண்ணுங்க. சத்தமா எண்ணும்போது யாராலயும் மூச்சைப் பிடிக்க முடியாது."

"சத்தமாவா?"

"பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்ல."

அவருக்குத்தான் அது பரவாயில்லை என்று படவில்லை. அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். வலி இடுப்போடு நிற்காமல் காலுக்கு இறங்கினாலோ, முட்டிக்குக் கீழே மரத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, குனிந்து திரும்பக் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது. எழுந்திருக்கும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ, தொடை நடுவில் மரத்துப்போனாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். இந்த இடத்தில் கிரேன் கூரையில் சுற்றுகிற மின்விசிறியை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மகள் வயதுப் பெண் வாயிலிருந்து இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு உடம்பு கூசியது.

கடைசியாக அவள் ஆறுதலாக ஒன்று சொன்னாள். "கவலைப்படாதீங்க. காலுக்குப் பலம் வந்துட்டா இடுப்புக்குப் பாதிப் பாரம் குறைஞ்சிடும்."

அவ்வளவு நேரம் சொன்னதில் அவர் தலைக்குள் ஏறியது அது ஒன்றுதான்.

மழை விட்டபாடில்லை. படிக்கட்டுச் சுவரெல்லாம் ஈரம் கோத்துக்கொண்டு நின்றது. அந்தக் கட்டடத்தில் குடிதண்ணீர் கீழே இருக்கிற குழாயில்தான் வரும். அவர் நன்றாக இருந்தவரை கைக்கு ஒரு கேனாகப் பிடித்துக்கொண்டு, ஏதோ கூடையில் பூ கொண்டுபோகிற மாதிரி மூன்று மாடி ஏறிவிடுவார். இப்போது மனைவி விடிந்ததும் குடத்தோடு இறங்கி, ஏறி, டீ போட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, மதியத்துக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு, ஈரக் குடையை விரித்துக்கொண்டு வேலைக்கு ஓடுவாள். அவள் படி இறங்குகிற சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருப்பார். பொண்டாட்டி குடம் சுமந்து வருவதைக் கண் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

முதல் வாரம் அந்தப் பெண் சொன்னபடியே செய்தார், எண்ணுவது ஒன்றைத் தவிர. காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக எதிர்வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. "மாமா ஏன் பாப்பா மாதிரி காலை ஆட்டுறாரு?" என்று ஒன்று கேட்டது. அன்றைக்குச் சாத்தினார் கதவை.

போதாக்குறைக்கு ஒட்டகம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். நல்லவன்தான், ஆனால் எதைச் சொல்லக் கூடாதோ அதை முதலில் சொல்லுகிறவன்.

"புதுசா ஒரு ஆளு சேந்திருக்கான்ணே. சின்ன வயசு. நேத்து ஒரு பீரோவைத் தனியாவே ஏத்திட்டான். பசங்க எல்லாம் அவனுக்கு லிஃப்டுன்னு பேர் வச்சிட்டாங்க."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"உங்க இடம் உங்களுக்குத்தான்னு சொன்னாரு. நீங்க வர்ற வரைக்கும் அவன் இருக்கட்டும்னாரு. லிஃப்டு இருக்கும்போது கிரேன் எதுக்குன்னு சும்மா பசங்க விளையாட்டுக்குப் பேசிக்கிறாங்க. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அவர் மனசில் வைத்துக்கொண்டார். வேறு எங்கே வைப்பது?

பாரம் ஏற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவனுக்குக் கால் நடுங்கினால், தண்ணீர் நிரப்பிய வாளியைக் கையில் கொடுத்து பஸ்கி போடச் சொல்வார்கள். உட்கார்ந்து எழ வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு மாதத்தில் கால் தூண் மாதிரி ஆகிவிடும். கிரேனே எத்தனையோ பேருக்கு அப்படிக் கால் பழக்கிவிட்டவர்தான். காலுக்குப் பலம் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். குத்துக்காலிடக் கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. அது ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டார்.

மனைவி வேலைக்குப் போன பிறகு குளியலறையில் பஸ்கி ஆரம்பமாயிற்று. முதலில் வெறும் வாளி. பிறகு கால் வாளித் தண்ணீர். பிறகு அரை வாளி. தம் கட்டினால் வலி தெரியவில்லை. விட்டதும் இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக ஒரு சூடு இறங்கியது. பழைய ரத்தம் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டார். ஒருநாள் அறைக்குள் நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார். யாரோ ஒருத்தருடைய விரலைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு செருப்பே போடவில்லை.

தினமும் சாயங்காலம் மனைவி வந்ததும் முதல் கேள்வி இதுதான்.

"பயிற்சி செஞ்சீங்களா?"

"செஞ்சேன்."

"எண்ணினீங்களா?"

"எல்லாம் எண்ணினேன்."

"கால்ல மரத்துப் போறது ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தேறிட்டே வருது."

விடுமுறை நாளில் மகள் போனில் கேட்டாலும் அதே பதில்தான். வீட்டாரிடம் பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஆனாலும் அந்தப் பொய் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம், அவள் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், வாளியை முழுக்க நிரப்பினார். லிஃப்டு இப்படி ஒரு வாளியைப் பல்லால் தூக்கிவிடுவான் என்று ஒட்டகம் சொல்லியிருந்தான். தம் கட்டினார். உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. வாளி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் விழுந்தார்கள்.

அவள் வந்து கதவைத் திறந்தபோது அவர் குளியலறைத் தரையில், சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், ஒரு காலை மடக்கியும் ஒரு காலை நீட்டியும் கிடந்தார். இடுப்பில் டவுசர் மட்டும். உடம்பெல்லாம் தண்ணீர். உருண்ட வாளியையும், கால் வைத்திருந்த விதத்தையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

"அசையாதீங்க. கீழ் வீட்டு ஆளுங்களைக் கூப்பிடறேன். ஒட்டகத்துக்கும் போன் போடறேன்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"யாரையும் கூப்பிடாதே. இப்படியே வந்து பாப்பாங்களா என்னை?"

"துணி போட்டு விடறேன்."

"முதல்ல என்னைத் தூக்கி அந்த ஸ்டூல்ல உக்கார வை. அப்புறம் யாரை வேணா கூப்பிடு. இப்படி மட்டும் யாரும் பாக்கக் கூடாது. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"என்னால எப்படிங்க முடியும்? உங்க உடம்பு என்ன, என் உடம்பு என்ன?"

"முடியும். நான் சொல்றபடி செய். பின்னால வா. கையைக் கக்கத்துக்குள்ள குடுத்து நெஞ்சுல கோத்துக்கோ. காலை அகட்டி வை. ம்... தம் கட்டு. நல்லா தம் கட்டித் தூக்கு!"

ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தையை அவளுக்கும் சொன்னார். அவள் தம் கட்டினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை, எங்கிருந்து அவளுக்கு அந்தப் பலம் வந்ததோ, பாதி இழுத்தும் பாதி தூக்கியும் அவரை ஸ்டூலில் சேர்த்துவிட்டாள். அவள் தொண்டையிலிருந்து 'ஹக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் தன் வலியில் இருந்தார். அதைக் கேட்டும் கேட்காதவராக இருந்தார்.

துடைத்து, உலர்ந்த துணி உடுத்தி, தலைவாரிக்கூட விட்ட பிறகுதான் ஆட்களைக் கூப்பிட விட்டார். ஒட்டகமும் இன்னும் மூன்று பேரும் லாரியோடு வந்தார்கள். மூன்று பேரில் ஒருவன் லிஃப்டு.

"எப்படிண்ணே விழுந்தீங்க? யார் தூக்கினது?"

"ஈரத்துல வழுக்கிடுச்சு. யாரு தூக்கணும்? நானாதான் எழுந்து உக்காந்தேன்" என்றார் கிரேன்.

அவள் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நாற்காலியில் உட்கார வைத்து, பீரோவுக்குச் சுற்றுகிற கம்பளியைச் சுற்றி, ஃபிரிட்ஜுக்குப் போடுகிற பட்டையைப் போட்டு அவரை இறக்கினார்கள். எத்தனையோ சாமான்களுக்கு அவர் போட்டுக் கொடுத்த கட்டு அது. முதல் திருப்பத்தில் வழக்கம்போல எல்லோரும் நின்று யோசித்தார்கள். பொறுக்க முடியாமல் சாமானே வாய் திறந்தது.

"டேய், மேல இருக்கறவன் சாய்க்காதே. கீழ இருக்கறவன் சுவத்தைப் பாரு. நாற்காலியைத் திருப்புங்கடா முதல்ல, அப்புறம் ஆளைத் திருப்புங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஆட்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கையசைத்தன. அவருக்கு அந்தப் படிக்கட்டு அப்படியே பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. கீழே நின்று பாரம் முழுவதையும் தாங்கியவன் லிஃப்டுதான். ஒரு இடத்திலும் அவன் ஆட்டம் காட்டவில்லை. நல்ல கை என்று தன்னையறியாமல் நினைத்தார், நினைத்ததற்காகவும் கூசினார். அவள் பின்னால், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நல்லவேளையாக அறுவை சிகிச்சை வரைக்கும் போகவில்லை. ஆனால் இடது பாதத்தை மேலே தூக்க வரவில்லை. பயிற்சிப் பெண் அந்தப் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை சிரிக்காமல் பேசினாள்.

"நரம்பு இன்னும் உயிரோட இருக்கு. முதல்ல இருந்து ஆரம்பிப்போம். இன்னொரு தடவை இப்படிச் செஞ்சீங்கன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறமும் இந்தக் காலை இழுத்துக்கிட்டேதான் நடக்க வேண்டியிருக்கும். நான் பயமுறுத்தலைங்கய்யா, உள்ளதைச் சொல்றேன்."

அதற்குப் பிறகு கிரேன் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார். பாயில் மல்லாந்து படுத்து, பாதத்தை அசைத்து, குதிகாலை உரசி இழுத்து, வாய்விட்டு எண்ணினார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று கூடவே எண்ணின. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதம் கேட்க ஆரம்பித்தது.

கேட்காதது மனைவிதான். அதாவது அவருக்கு அப்படித்தான் தோன்றியது. முன்பெல்லாம் அவர் பாயில் படுத்திருந்தால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், ஆலைக் கதை பேசுவாள். இப்போது நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், அதுவும் ஆலை மேற்பார்வையாளர் மாதிரி விறைப்பாக. நீளக் கைப்பிடி போட்ட துடைப்பம் ஒன்று வாங்கி நின்றபடியே பெருக்கினாள். குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, சின்னச் சின்ன பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் பல நடை ஏறினாள். கரண்டி கீழே விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடந்தது. பொய் சொன்னதற்காக அவள் கொடுக்கிற தண்டனை இது என்று அவர் முடிவு கட்டினார். தப்பு தன்னுடையது என்று தெரிந்ததனாலேயே அவருக்குக் கோபம் அதிகமாக வந்தது.

ஒருநாள் அவருடைய மாத்திரை அட்டை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவள் நின்று அதைப் பார்த்தாள். பிறகு எதிர்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள்.

"ஏன், குனிஞ்சு எடுத்தா தேஞ்சா போயிடுவே?" என்று வெடித்தார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "லேசா மூச்சுப் பிடிப்பு. தைலம் தேச்சா சரியாயிடும்" என்றாள்.

"எனக்கு இடுப்பு போய்க் கிடக்கு. உனக்கு மூச்சுப் பிடிப்பு பெரிசா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், ஒருக்களித்து, சொல்லிக்கொடுத்த முறைப்படி.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் கைத்தடியோடு நடந்தே பயிற்சி அறைக்குப் போனார். கூட வந்த மனைவி, கொஞ்ச நாளாகச் செய்கிற மாதிரி, உள்ளே வராமல் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டாள். பயிற்சிப் பெண் அவரைக் குதிகாலில் நிற்கச் சொன்னாள், நின்றார். பிறகு படுத்துக் காலைத் தூக்கச் சொன்னாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே, முட்டி உயரத்துக்கு, அலுங்காமல் தூக்கினார்.

"நல்லாத் தேறிட்டீங்கய்யா. மூச்சும் பழகிடுச்சு. ஆமா, வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அவளுக்கு என்ன?"

"இடுப்புதான். சாப்பாட்டு நேரத்துல ஆலையில இருந்து ஒரு தடவை வந்து காட்டினாங்களே. உங்களுக்குச் சொன்ன பயிற்சியைத்தான் அவங்களுக்கும் சொன்னேன். குனியக் கூடாது, தரையில உக்காரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். திரும்ப வரவே இல்ல. உங்ககூட வந்தாலும் உள்ள வர மாட்டேங்கறாங்க."

காலை இறக்க மறந்து அப்படியே வைத்திருந்தார் கிரேன்.

"எப்ப வந்தா?"

"நீங்க விழுந்தீங்களே, அதுக்கு மூணாம் நாளு. நாலாம் நாளா இருக்கும். ஏதோ கனமாத் தூக்கிட்டேன்னாங்க. என்னம்மா தூக்கினீங்கன்னு கேட்டேன். தண்ணில ஊறின மூட்டைன்னு சொன்னாங்க." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாய்யா? நான் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவர் ஒருக்களித்தார். கையை ஊன்றி எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியவில்லை. கரண்டி, பாட்டில், துடைப்பம், நாற்காலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. அந்தப் பல நடைத் தண்ணீரைத்தான் அவர் தினமும் குடித்திருக்கிறார். இத்தனை நாளும் தன்னுடைய மானம் போய்விட்டதே என்று அழுதவர் அவர். அந்த மானத்தைத் தூக்கி நிறுத்தியதில் ஒரு மனுஷியின் இடுப்பு போயிருக்கிறது. அது தெரியாமல் அவளிடமே தேய்ந்துவிடுவாயா என்று கேட்டிருக்கிறார். இதற்கு முன்னால் அவர் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

வெளியே பெஞ்சில் நாலைந்து நோயாளிகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, கையை ஊன்றி, முதுகை வளைக்காமல், வாயால் மூச்சை ஊதிக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் நின்று அன்றைக்கு அவள் கேட்ட பாடம். அவர் பிழை பிழையாகச் செய்ததை அவள் ஒரு பிசிறு இல்லாமல் செய்தாள்.

"என்ன சொன்னாங்க? கால் பரவாயில்லையாமா?"

"மூட்டைன்னா சொன்னே என்னை?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பின்ன என்னன்னு சொல்றது? பேரைச் சொல்லவா முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க? வாளியை எடுத்துக்கிட்டு மறுபடியும் குளியலறைக்குப் போயிருப்பீங்க."

"யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாமே. ஒட்டகத்தைக் கூப்பிட்டா வரமாட்டானா? தண்ணியாவது ஏத்தியிருப்பான்."

"யாரையும் கூப்பிடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கும் சேத்துத்தான் சொல்றீங்கன்னு இருந்துட்டேன்."

அவர் கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருடைய போனில் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, இங்கே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்.

"ஒட்டகம், நான்தான்டா. சாயங்காலம் வீட்டுக்கு வா. தண்ணி ஏத்தணும். நாளைக்கும் வரணும், தினமும் வரணும். அந்தப் புதுப் பையனையும் கூட்டிக்கிட்டு வா. உங்க அண்ணிக்கு இடுப்பு பிடிச்சிருக்கு."

"ஐயையோ, அண்ணிக்கா? என்னண்ணே ஆச்சு? எதையாவது தூக்கினாங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சொல்லாதீங்க என்று உதடு மட்டும் அசைந்தது. அவர் அவளைப் பார்த்தபடியே, மூச்சை வெளியே விட்டார்.

"என்னைத்தான்டா" என்றார். "அன்னிக்கு நானா எழுந்திருக்கல. இவதான் என்னைத் தூக்கினா."